முதல் வரி விட்டுவைக்கும் மிச்சம்

கூகையின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை.

ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதா? காரணம் உண்டு, அழகான காரணம். கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால், இந்த ஒரு நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிட வேண்டும். இதைக் கையில் எடுக்கும்வரை கூகையின் காது உங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஆறு சொற்கள் படித்தீர்கள். இப்போது காரணம் தெரியாமல் பக்கத்தைத் திருப்பினால் மனத்தில் ஏதோ உறுத்தும். இல்லாத ஒரு பசியை ஆறு சொற்கள் எப்படி உண்டாக்கின?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு பேஸ்புக் பதிவால் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கூகையைச் சாக்குருவி என்பார்கள். ராத்திரியில் அது கத்தினால் அந்தத் தெருவில் சாவு விழும் என்று கல்லெடுத்து விரட்டுவார்கள். வயலெலிகளைத் தின்று நெல்லைக் காக்கிற பறவை அது. அதைப் பற்றி நாலு பேராவது படிக்கும்படி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் வரியை இப்படிப் போட்டேன்: "கூகை என்பது இரவில் இரை தேடும் ஆந்தை இனப் பறவையாகும்." அண்ணன் மகள் சென்னையில் ஒரு துணிக்கடைக்கு ரீல்ஸ் எடுத்துத் தருகிறாள். அவளுக்கு அனுப்பினேன். "சித்தப்பா, இதை யாரும் நின்னு படிக்க மாட்டாங்க. ஹூக் இல்ல" என்றாள். அவளே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: "இந்தப் பறவையைப் பற்றிய உண்மை தெரிந்தால் உறைந்துபோவீர்கள்!" இழுக்கிற வரிதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாவதாக வந்தது நீங்கள் முதலில் படித்த வரி.

மூன்றும் ஒரே பறவையைப் பற்றியவை. ஒன்று அசையாமல் கிடக்கிறது, இன்னொன்று கையைப் பிடித்து இழுக்கிறது, மூன்றாவது நம்மையே கேள்வி கேட்க வைக்கிறது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் கண், காது, மூளை பற்றிய நூறாண்டு ஆராய்ச்சி இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தேடிப் படிக்கப் படிக்க வியப்பு கூடிக்கொண்டே போனது.

முதலில் கண். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி அதன் நகத்தைப் பாருங்கள். நம் கண் ஒரு நேரத்தில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான். விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது, கூர்மை முழுவதும் அங்கேதான். அதைச் சுற்றி விலக விலக எல்லாமே மங்கல். அந்த மங்கல் நமக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், கண் ஓயாமல் தாவிக்கொண்டிருப்பது. நொடிக்கு மூன்று, நான்கு தாவல். ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் கால் நொடி அளவு ஓரிடத்தில் நிற்கும். படிக்கும்போதும் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, சிட்டுக்குருவி நடப்பதுபோலத் தத்தித் தத்திப் போகிறது. கைபேசித் திரையில் கட்டைவிரல் பதிவுகளை மேலே தள்ளிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு பதிவுக்கும் கிடைப்பது இப்படிச் சில நிறுத்தங்கள் மட்டுமே. அந்தச் சில தத்தல்களுக்குள் படிக்கலாமா வேண்டாமா என்பது முடிவாகிவிடுகிறது.

அதில் இன்னொரு விந்தை. கண்ணில் பட்ட சொல்லைப் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் நிறங்களின் பெயர்களை வேறு நிற மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல்லுங்கள் என்றார். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருந்தால், 'பச்சை' என்று சொல்ல நாக்கு தடுமாறுகிறது. சொல்லைக் கவனிக்காதே என்று நமக்கு நாமே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மூளை அதைப் படித்துவிடுகிறது. எழுத்தறிந்த ஒருவருக்குச் சொல் என்பது கண்ணுக்குள் விழும் தூசி மாதிரி. விழட்டுமா என்று அது கேட்பதில்லை. எழுதுகிறவருக்கு இது பெரிய கொடை: முதல் இரண்டு மூன்று சொற்களை வாசகர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் படித்துவிடுவார். நான்காவது சொல்லுக்கு மேல்தான் அவர் மனம் வேண்டும்.

பெட்டிக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகைப் போஸ்டர்கள் இந்தக் கொடையை நன்றாகப் புரிந்துவைத்திருந்தன. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கி, தெருவில் பேசுகிற தமிழில் செய்தி சொல்ல ஆரம்பித்ததிலிருந்து தமிழில் தலைப்பு எழுதுவதே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. சிறு வயதில் பேருந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கடை கடையாகத் தொங்கும் அந்தப் போஸ்டர்களைப் படித்துக்கொண்டே போவேன். ஒரு போஸ்டரில் மிஞ்சிப்போனால் ஐந்து சொற்கள். பேருந்து நகர்வதற்குள் படித்து முடிக்கலாம். செய்தி பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்குக் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க வேண்டும். இன்று கைபேசியில் ஒரு பதிவின் இரண்டு மூன்று வரிகளைக் காட்டிவிட்டு 'மேலும்' என்று நிறுத்துவதும் அதே பெட்டிக்கடைதான், காசுக்குப் பதில் விரல் தட்டல்.

காதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை இரைச்சலிலும் பக்கத்து இலைக்காரர் பேச்சை நாம் பிரித்துக் கேட்கிறோமே, அது எப்படி என்று 1953இல் காலின் செர்ரி என்ற அறிஞர் ஆராயத் தொடங்கினார். இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்று கேட்டால் கிட்டத்தட்ட எதுவும் நினைவில் இல்லை. 1959இல் நெவில் மோரே என்ற இன்னோர் ஆய்வாளர் அந்தக் கவனிக்காத காதில் கேட்பவரின் சொந்தப் பெயரைச் சொல்லவைத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அது கேட்டுவிட்டது. ஆக, நாம் ஒதுக்கிவிட்டதாக நினைக்கும் இரைச்சலையும் மூளை ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சலித்துக்கொண்டே இருக்கிறது, நமக்கென்று ஏதாவது விழுமா என்று. முதல் வரியில் நம் ஊர்ப் பெயரோ, நாம் செய்கிற தொழிலோ, நம் வீட்டில் உள்ள வியாதியோ வந்துவிட்டால் விரல் தானாக நிற்பது இதனால்தான்.

ஆனால் என் கூகை வரியில் யார் பெயரும் இல்லை. அங்கே வேலை செய்தது வேறொன்று.

1994இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவன்ஸ்டைன், ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு விளக்கம் எழுதினார். தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருப்பது நம் கண்ணில் படும்போது ஆர்வம் பிறக்கிறது, அது கிட்டத்தட்ட ஒரு குறையாக, பற்றாக்குறையாகவே உணரப்படுகிறது என்றார். இதில் கவனிக்க வேண்டியது 'தெரிந்தது' என்ற பகுதி. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளி கண்ணில் படாது. இருட்டில் பள்ளம் தெரியாததுபோல. ஓரளவு தெரிந்தவனுக்குத்தான் எது தெரியவில்லை என்பதே தெரியும்.

2009இல் கால்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இதை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள்ளேயே சோதித்தார்கள். பங்கேற்றவர்களுக்கு நாற்பது பொது அறிவுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் விடையை ஊகித்து, அந்த ஊகத்தில் எவ்வளவு உறுதி, விடையை அறிய எவ்வளவு ஆர்வம் என்று சொல்ல வேண்டும். விடை நிச்சயம் தெரியும் என்றவர்களுக்கு ஆர்வம் குறைவு. சுத்தமாகத் தெரியாது என்றவர்களுக்கும் குறைவு. 'நாக்கு நுனியில் இருக்கிறது, ஆனால் நிச்சயமில்லை' என்ற இடைநிலையில் இருந்தவர்களுக்குத்தான் ஆர்வம் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில், பரிசு வரப்போகிறது என்று தெரிந்தால் கிளர்ந்தெழும் மூளைப் பகுதி கிளர்ந்தது. விடையை அறிவதற்காகத் தங்கள் நேரத்தைச் செலவழித்துக் காத்திருக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள்.

பாட்டி போடும் விடுகதையின் சூட்சுமம் இதுவே. விடுகதை காலைச் சொல்லும், கையைச் சொல்லும், நிறத்தைச் சொல்லும். எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள். பெயரை மட்டும் மறைத்துவைக்கும்.

இப்போது என் மூன்று வரிகளையும் எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் மறைந்திருப்பது ஒன்றுமில்லை. கூகை இரவுப் பறவை என்பது பாதிப் பேருக்குத் தெரியும், தெரியாதவருக்கும் அதனால் ஒரு கேள்வியும் எழாது. இரண்டாம் வரியில் எல்லாமே மறைந்திருக்கிறது. எந்தப் பறவை, எந்த உண்மை, ஏன் உறைவேன், எதற்கும் பிடிமானம் இல்லை. ஊகிக்கக்கூட இடமில்லாத இருட்டு அது. மூன்றாம் வரியில் காது தெரியும், இரண்டு காதும் சமமாக இருக்கும் என்பது கண்ணாடி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வழக்கம் மட்டும் உடைகிறது. கால் இரண்டும் திடமான தரையில் நிற்க, கட்டைவிரல் முனையில் மட்டும் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது.

அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் சில விநாடிகளில் மூளை வழக்கத்தைவிட ஈரமான மண்ணாகிவிடுகிறது. 2014இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபரும் சரண் ரங்கநாத்தும் மற்றொருவரும் செய்த ஆய்வு இதைக் காட்டியது. கேள்வியைக் காட்டி, விடைக்குக் காத்திருக்கும் இடைவேளையில், சம்பந்தமே இல்லாத ஒரு மனித முகத்தைத் திரையில் காட்டினார்கள். பிறகு அந்த முகங்கள் நினைவிருக்கிறதா என்று சோதித்தார்கள். ஆர்வம் மிகுந்த கேள்வியின் இடைவேளையில் வந்த முகங்கள் மற்றவற்றைவிட நன்றாக நினைவில் இருந்தன. கேள்விக்கும் முகத்துக்கும் எந்த உறவும் இல்லை. விடைக்காகத் திறந்த கதவு வழியே முகமும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல முதல் வரிக்கு அடுத்து வரும் வரிகள் ஏன் மனத்தில் தங்கிவிடுகின்றன என்பதற்கு இதைவிட அழகான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, இந்த இடைவெளிக்குத் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே என்று உறைத்தது. எச்சம். முற்றுப்பெறாமல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பதை நம் இலக்கணக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். பத்து வகை எச்சங்களை அது சொல்கிறது. மீந்து நிற்பது, கேட்பவர் இட்டு நிரப்ப வேண்டியது என்ற உணர்வு இந்த மொழியின் எலும்பிலேயே இருக்கிறது.

'கிணற்றில் விழுந்த' என்று நிறுத்திப் பாருங்கள். யார், எது என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. பெயரெச்சம் தன் பெயரைத் தேடிக்கொண்டு நிற்கிறது. போஸ்டர் எழுதுகிறவர்கள் பெயரெச்சத்தை இவ்வளவு விரும்புவது இதனால்தான். இதைவிட நுட்பமானது எச்ச உம்மை. "எதிர்வீட்டுக் கிணறு வற்றிவிட்டது" என்பது ஒரு தகவல். "எதிர்வீட்டுக் கிணறும் வற்றிவிட்டது" என்று எழுதுங்கள். சேர்ந்தது ஒரே ஒரு 'உம்'. இதற்கு முன்பு எத்தனை கிணறுகள் வற்றின, அடுத்தது யாருடையது, தெருவுக்கே என்ன ஆயிற்று என்ற முழுக் கதையும் அந்த ஒட்டுக்குள் வந்துவிட்டது. ஆச்சரியக்குறி இல்லை, 'அதிர்ச்சி' என்ற சொல் இல்லை. தமிழில் முதல் வரி எழுதப் பழகுகிற யாருக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இந்த ஓர் உம்மையைத்தான்.

தமிழுக்கு ஒரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். நீளமான வாக்கியமாக இருந்தால், வினை வருவதற்குள் திரை அறுபட்டுவிடும். "நேற்று மாலை எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அங்கே வழக்கமாக மீன் பிடிக்கும் ஒருவர் என்னை அழைத்து" என்று நின்றுபோனால், நின்ற இடத்தில் கேள்வி இல்லை, களைப்புதான் இருக்கிறது. எச்சம் பயன்பட வேண்டுமானால் அதற்கு முன்னால் உள்ள சுமை சிறியதாக இருக்க வேண்டும். கணினியின் கணக்கும் நமக்குக் கொஞ்சம் கறாரானது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. என் கூகை வரியில் இருபத்து நான்கு எழுத்துகள், அவை நாற்பது குறிகளாகின்றன. ட்விட்டர் 2017இல் 140 குறிகளை 280 ஆக்கியபோது ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிடத் தமிழில் எழுதுகிறவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்ததன் காரணம் இது. கைபேசிக் குறுஞ்செய்தியில் இன்னும் கடுமை: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழ் எழுத்தில் 70 மட்டுமே.

ஆய்வகத்தில் கேள்வி கேட்பது ஒன்று. கோடிக்கணக்கான மக்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து விரல் தள்ளும்போது என்ன நடக்கிறது? இதற்கு விடை சொல்லும் ஒரு புதையல் அமெரிக்காவில் கிடைத்தது. 2012இல் எலி பாரிசரும் பீட்டர் கோக்லியும் 'அப்வொர்த்தி' என்ற இணைய இதழைத் தொடங்கினார்கள். நல்ல விஷயங்களும் பரபரப்புச் செய்தி அளவுக்குப் பரவ வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒரு செய்திக்கு இருபத்தைந்து தலைப்பாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி, வரும் வாசகர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு தலைப்பு, இன்னொரு கூட்டத்துக்கு இன்னொன்று என்று காட்டுவார்கள். அதிகம் தட்டப்பட்டது வெல்லும். மருந்தைச் சோதிக்கிற அதே முறை. 2013 ஜனவரி முதல் 2015 ஏப்ரல் வரை நடந்த 32,487 சோதனைகளின் பதிவேடு 2021இல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முதல் வரி என்ற கலைக்கு இவ்வளவு பெரிய ஆய்வகம் இதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை.

அதிலிருந்து முதலில் வந்த செய்தி என்னை வருத்தியது. 1,05,000 தலைப்பு வடிவங்களை ஆராய்ந்த ஒரு குழு 2023இல் வெளியிட்ட முடிவு இது: சராசரி நீளமுள்ள ஒரு தலைப்பில் கூடுதலாக ஓர் எதிர்மறைச் சொல் சேர்ந்தால் தட்டல் விகிதம் 2.3 விழுக்காடு கூடுகிறது. இனிய சொல் சேர்ந்தால் சற்றுக் குறைகிறது. நல்லதைப் பரப்பத் தொடங்கிய இதழிலேயே இப்படி. ஆபத்தைக் கவனிக்காதவன் பிழைக்காத காட்டில் உருவான மூளை நம்முடையது, கெட்ட செய்திக்கு முதலில் காது கொடுக்கிறது. ஆனால் தட்டுவது வேறு, மற்றவருக்கு அனுப்புவது வேறு. ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மனும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஏறக்குறைய ஏழாயிரம் கட்டுரைகளை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள்: வியப்பூட்டிய கட்டுரைகளை மக்கள் அதிகம் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். கோபமும் பதற்றமும் தந்தவையும் பரவின. சோகம் தந்தவை குறைவாகவே பரவின. அப்வொர்த்தியின் வாசகர்களோ சோகத் தலைப்பை அதிகம் தட்டினார்கள். தனியாக இருக்கும்போது துயரத்தை எட்டிப் பார்க்கிறோம், அடுத்தவர் கையில் கொடுக்கும்போது வியப்பைத் தேடி எடுக்கிறோம். எனக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

இரண்டாவது செய்தி எழுதுகிறவர்களுக்கானது. ஹிலாரி ஷுல்மன், டேவிட் மார்கோவிட்ஸ், டாட் ரோஜர்ஸ் ஆகிய மூவர் அப்வொர்த்தியிலும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழிலும் நடந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புச் சோதனைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். எளிய சொற்களில் எழுதிய தலைப்பே வென்றது. இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இத்தகைய தலைப்புகளைப் பத்திரிகையாளர்களிடம் காட்டியபோது அவர்களிடம் அந்த எளிமை நாட்டம் இல்லை. எளியதையும் சிக்கலானதையும் அவர்கள் ஒரேபோல் படித்தார்கள். சொற்களோடு வாழ்ந்து வாழ்ந்து, சொல்லின் எடையை உணரும் தோள் காய்த்துப்போய்விடுகிறது. 'இரை தேடும் ஆந்தை இனப் பறவையாகும்' என்று எழுதியபோது எனக்கு அது கனமாகத் தெரியவில்லை. என் அண்ணன் மகளுக்கு உடனே தெரிந்தது. அப்வொர்த்திக்காரர்கள் இருபத்தைந்து தலைப்பு எழுதியதன் நியாயமும் இதுதான் என்று நினைக்கிறேன். எது நல்லது என்று எழுதியவருக்குத் தெரியாது, பல எழுதி வேறொருவர் கண்ணில் வைக்க வேண்டியிருக்கிறது.

அப்வொர்த்தியின் கதை அங்கே முடியவில்லை. 'அடுத்து என்ன நடந்தது என்று பார்த்தால் நம்பமாட்டீர்கள்' என்ற பாணி அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. தமிழிலும் 'ஆடிப்போவீர்கள்', 'அசந்துபோவீர்கள்' என்று வந்து குவிந்தது. 2013 நவம்பரில் எட்டுக் கோடிக்கு மேல் இருந்த அவர்களின் மாத வாசகர் எண்ணிக்கை, பேஸ்புக் தன் வரிசைப்படுத்தும் கணக்கை மாற்றிய அந்தக் காலத்தில், இரண்டே மாதங்களில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 2014 ஆகஸ்டில் பேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது: தட்டிவிட்டு உடனே திரும்பி வருகிறார்களா, படித்தபின் பேசிப் பகிர்கிறார்களா என்று பார்ப்போம், உள்ளே சரக்கில்லாத தலைப்புகளைக் கீழே தள்ளுவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவுசெய்ய உதவும் தலைப்பையே நூற்றுக்கு எண்பது தடவை மக்கள் விரும்பியதாகத் தங்கள் கணக்கெடுப்பில் கண்டதாகவும் சொன்னது. 2015இல் கோக்லி ஒரு மேடையில் அந்தத் தலைப்புப் பாணிக்காக மன்னிப்புக் கேட்டார்.

பேஸ்புக்கின் கணக்கு மாறியதை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசகரின் மூளையும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டியவர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிட்சர்லாந்தில் அவர் குரங்குகளுக்கு ஒரு விளக்கைக் காட்டிப் பிறகு ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் சுரக்கும் மூளைச் செல்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். முதலில் சாறு நாக்கில் பட்டபோது செல்கள் துடித்தன. பழகியபின் விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. எதிர்பார்ப்பே இனிப்பாகிவிட்டது. பிறகு விளக்கைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டார். சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் செல்களின் துடிப்பு, வழக்கமான அளவுக்கும் கீழே போனது. 1997இல் அவரும் பீட்டர் தயானும் ரீட் மாண்டேக்கும் சேர்ந்து இதை ஒரு கணக்கு விதியாக விளக்கினார்கள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் செல்கள் ஒவ்வொரு முறையும் குறித்துவைக்கின்றன. ஏமாந்தால் அடுத்த முறை அந்த விளக்குக்கு மதிப்புக் குறையும்.

முதல் வரி அந்த விளக்கு. 'உறைந்துபோவீர்கள்' என்ற விளக்கை ஏற்றிவிட்டு உள்ளே ஆந்தை இரவில் பறக்கும் என்று எழுதினால், படித்தவர் மூளையில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. அது ஆந்தைமேல் விழாது, எழுதியவர் பெயர்மேல் விழும். இதைச் சொன்னபோது அண்ணன் மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் சித்தப்பா, சில பேஜ் வந்தாலே விரல் தானா தள்ளிடுது" என்றாள்.

கூகைக்கு வருகிறேன். அதன் முகம் தட்டையாக, இதய வடிவில், வெளுத்து இருக்கும். அந்த முகமே ஒலியைக் கூட்டிக் காதுக்கு அனுப்பும் கிண்ணம். முக இறகுகளுக்கு அடியில் மறைந்திருக்கும் காதுத் துளைகளில் இடது துளை சற்று மேலே இருக்கிறது, வலது சற்றுக் கீழே. இடது காது கீழிருந்து வரும் ஓசையைக் கூடுதலாக வாங்குகிறது, வலது மேலிருந்து வருவதை. ஓர் எலி வைக்கோலுக்குள் அசைந்தால், எந்தக் காதில் ஓசை முதலில் விழுந்தது என்ற நுண்ணிய நேர வித்தியாசம் எலி இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லும். எந்தக் காதில் ஓசை உரக்க விழுந்தது என்ற வித்தியாசம், மேலேயா கீழேயா என்று சொல்லும். காதுகள் நம்முடையவைபோல ஒரே மட்டத்தில் இருந்தால் இந்த இரண்டாவது தகவல் கிடைக்காது. இரண்டையும் சேர்த்து, வெளியைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்த வரைபடம் ஒன்று அதன் நடுமூளையில் இருக்கிறது. எந்தத் திசை ஓசைக்கு எந்தச் செல் என்று அங்கே இடம் பிரித்திருக்கிறது. எரிக் நுட்சனும் மசகாசு கோனிஷியும் 1978இல் அதைக் கண்டுபிடித்தார்கள், ஆர்வத்தை அளந்த அதே கால்டெக்கில்.

பதிவில் இதை எழுதிய மறுநாள், பின்னூட்டத்தில் ஒருவர் தங்கள் மோட்டார் ரூமில் ஒரு கூகை ஜோடி தங்கியிருப்பதாகவும், இனி விரட்டப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார்.

கூகையால் கண்ணின் உதவியில்லாமல் காதால் மட்டுமே வேட்டையாட முடியும் என்பதை முதலில் நிறுவியவர் ராஜர் பெய்ன். பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகுக்குக் கேட்கவைத்த அதே பெய்ன். சிறு வெளிச்சமும் இல்லாதபடி அடைத்த அறையில், தரையில் சருகுகளைப் பரப்பி எலியை விட்டார். கூகை கும்மிருட்டில் பறந்து வந்து எலியைப் பிடித்தது. வாசனையாலோ உடற்சூட்டாலோ பிடித்திருக்குமோ என்ற சந்தேகம் எழலாம் அல்லவா? அதைத் தீர்க்க இவ்வகைச் சோதனைகளில் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். எலி ஓசையில்லாமல் நடக்கும்படி செய்து, அதன் வாலில் நூல் கட்டி, நூலின் முனையில் சரசரக்கிற ஒரு துண்டைக் கட்டிவிட்டார்கள். எலி முன்னால் போக, சரசரப்பு அதன் பின்னால் இழுபட்டுப் போயிற்று. இருட்டில் கூகை குறி தவறாமல் பாய்ந்தது, சரசரப்பின்மேல். நகங்களுக்குள் எலி இல்லை.